சவப்பெட்டிக் கடைக்கு என்ன வாடகை?

ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. குடையை மடக்கி, குனிந்து உள்ளே போனேன். நிமிர்ந்தால், சுவரோரம் வரிசையாக ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வணக்கம். நான் கோர்ட்டிலிருந்து வருகிறேன், அட்வகேட் கமிஷனர்" என்றேன்.

ஒருவரும் பேசவில்லை. ஐப்பசி மழை வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே உள்ளே விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டு. கண் பழகிய பிறகுதான் தெரிந்தது. நான் வணக்கம் சொன்னது சவப்பெட்டிகளுக்கு. எல்லாம் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தன, சின்னது பெரிசு என்று, மூடியோடு.

"உக்காருங்க மேடம். இங்க வர்றவங்க பாதிப் பேரு அதுங்களுக்குத்தான் முதல்ல வணக்கம் சொல்லுவாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அதுதான் பிலோமினா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காதில் பென்சில், நைட்டி மேல் ஒரு ஆம்பளைச் சட்டை, கையில் உப்புத்தாள். புருஷன் போன பிறகு கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவர். வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை, பூ வாடினது போல. அது என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே நல்லது.

நான் எதற்குப் போனேன்?

இந்தப் பத்திரிகையில் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து வாசகர்கள் கேட்பது, "கமிஷனர் என்றால் போலீஸா?" என்று. அட, இல்லைங்க. கோர்ட்டால் எழுந்து நடந்து வந்து பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக என்னைப் போன்ற ஒரு வக்கீலை அனுப்பும். நான் போய்ப் பார்த்து, அளந்து, நாலு பேரை விசாரித்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தக் கேஸ் இப்படி. கடையைக் காலி செய்யச் சொல்லி கீழ்க் கோர்ட்டில் உத்தரவாகிவிட்டது. பிலோமினா அப்பீல் போயிருந்தார். அப்பீல் முடிய எத்தனை வருஷமோ! அதுவரை பழைய வாடகையிலேயே உட்கார விட்டால் ஓனர் வயிறு எரியும். அதனால் கோர்ட் நடுவில் ஒரு ஏற்பாடு செய்யும். "சரி, இருந்துகொள். ஆனால் இன்றைய தேதிக்கு இந்த இடம் என்ன போகுமோ அதை மாசாமாசம் கட்டிக்கொண்டு இரு" என்று. ஆக்குபேஷன் சார்ஜ் என்போம். ஒரு மாசம் கட்டத் தவறினாலும், காலி செய்யாமல் இருக்கக் கொடுத்த தடை உத்தரவு போய்விடும். அப்பீல் அப்படியே கிடக்க, ஆள் தெருவுக்கு வந்துவிடுவார்.

ஆகவே நான் எழுதப்போகிற ஒரு தொகையில்தான் பிலோமினாவின் கடை தொங்கிக்கொண்டிருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த வேலையில் நாடகங்களுக்குக் குறைவே இல்லை. காட்டாங்குளத்தூரில் ஒரு ஜூஸ் கடைக்காரர், வியாபாரமே இல்லை என்று காட்ட, நான் வருகிற நாள் பார்த்து காலேஜ் பிள்ளைகளையெல்லாம் விரட்டிவிட்டு ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அளந்துகொண்டிருக்கும்போதே அவர் போன் ஸ்பீக்கரில் அலறியது: "அண்ணா, அந்த மேடம் கிளம்பிருச்சா, வரலாமா?" அனகாபுத்தூரில் ஒரு ஓனர், வெள்ளத் தண்ணீர் நின்ற கறை தெரியக் கூடாதென்று முந்தின நாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். என் கறுப்பு கோட்டு வெள்ளையானதுதான் மிச்சம்.

பிலோமினா நாடகம் எதுவும் போடவில்லை. உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு பக்கமும் பூட்டு

கடை கிழக்குத் தாம்பரத்தில், வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில். தெருக்கோடியில் சர்ச். கட்டடத்தில் மூன்று கடைகள், நடுவில் இது. ஓனர் தணிகாசலம், அந்தக் காலத்தில் அங்கே நெல் விளைத்த குடும்பம். கட்டடம் அவருக்கும் அவர் தம்பிக்கும் பொது. தம்பிக்கு எப்படியாவது காலி செய்து பில்டரிடம் கொடுத்துவிட வேண்டும்.

வாடகை கணிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பக்கத்துக் கடை என்ன தருகிறான் என்று கேட்பது. இங்கே பக்கத்துக் கடை இரண்டுமே பூட்டு. பூட்டில் துரு ஏறியிருந்தது. ஓனர் தரப்பு வக்கீல் கோர்ட்டில் அழகாக வாதாடினார்: "இந்த அம்மா ஒரு கடையில் இல்லை, மூன்று கடையில் இருக்கிறார். இவரால் மற்ற இரண்டுக்கும் ஆள் வருவதில்லை. மூன்றுக்கும் சேர்த்து சார்ஜ் போடுங்கள்." பிலோமினாவின் வக்கீலும் லேசுப்பட்டவர் இல்லை. "ஆள் வராத இடத்துக்கு ஏது மார்க்கெட் ரேட்?" என்று கேட்டார். ரெண்டுமே சரியாகத்தான் பட்டது எனக்கு.

இடப்பக்கக் கடையில் முன்பு தையல் வைத்திருந்த பெண்ணைச் சேலையூரில் தேடிப் பிடித்தேன். ஏன் காலி செய்தீர்கள் என்று கேட்டேன். பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே சொன்னார்.

"பயமெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம், பழகிடுச்சு. சர்ச்சுல துக்க மணி அடிக்கும். கொஞ்ச நேரத்துல பக்கத்துல ஆணி அடிக்கிற சத்தம் கேக்கும். சரி, யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சுக்குவேன். ஒருநாள் ஆணி சத்தம் முதல்ல கேட்டுச்சு. என்னடா இதுன்னு மிஷினை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். அப்புறம்தான் மணி அடிச்சுது. அன்னிக்கே சாமானைக் கட்டிட்டேன்."

இதை ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது? "பக்கத்துக் கடை காலியாக உள்ளது" என்று மட்டும் எழுதினேன்.

ஆணியில் தொங்கிய டேப்

அந்த மழை நாளுக்கு வருகிறேன். ஓனர் சார்பில் தணிகாசலத்தின் மகன் கோபி வந்திருந்தார். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை, அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த அவசரம். மணிக்கொரு தரம் இல்லை, நிமிஷத்துக்கொரு தரம் போனைப் பார்த்தார்.

நான் கொண்டுபோயிருந்த லேசர் மீட்டர் அன்று மக்கர் பண்ணியது. சிவப்புப் புள்ளி சுவரில் விழ வேண்டும். எங்கே வைத்தாலும் ஏதாவது ஒரு பெட்டி மூடியில் போய் விழுந்தது, நெஞ்சு இருக்கிற இடத்தில். ஒரே சுவருக்கு மூன்று தடவை மூன்று அளவு காட்டியது. அப்புறம் சுத்தமாக அணைந்தேவிட்டது.

"மரத்துக்கு அளக்கிற டேப் மேல கீது. இருங்க மேடம், எடுத்தாறேன்" என்று பிலோமினா ஸ்டூலைத் தேடினார்.

"இதோ ஒண்ணு தொங்குதே" என்றார் கோபி. மாதா படத்துக்குப் பக்கத்தில், ஆணியில், ஒரு இரும்பு டேப். எட்டி எடுத்துவிட்டார்.

"சார், அது வேணாம்! அத்தத் தொடாதீங்க!"

கோபி காதில் வாங்கவில்லை. உயரம் அதிகம், பரண் போட்டுக்கொள்ளலாம், ஆகவே வாடகை கூடுதல் என்பது அவர்கள் கட்சி. அதை நிரூபிக்கும் அவசரத்தில் டேப் முனையை ஷூவால் மிதித்துக்கொண்டு, உடம்பை ஒட்டி, தலைக்கு மேலே பீமை நோக்கி இழுத்தார். பிலோமினா வாயில் கையை வைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது.

"என்னங்க இப்ப?"

"ஆளை அளக்கிற டேப் சார் அது. வூட்டுல, ஆஸ்பத்திரில, செத்துப் போனவங்களை அளக்கிறதுக்கு மட்டும் வச்சிக்கினு கீறோம். உசிரோட இருக்கிறவங்க மேல அது படவே கூடாது."

"அப்படியா, எனக்கும் சேத்து ஒண்ணு பண்ணிடுங்க" என்று கோபி சிரித்தார். பீம் அவருக்கு எட்டவில்லை, ஆள் குள்ளம். நான் நெட்டை, எங்கள் வீட்டில் எனக்கு ஒட்டடைக் குச்சி என்றே பேர். மழை வலுக்கிறது, வேலையை முடித்துப் போவோம் என்று டேப்பை வாங்கி, அவர் செய்த மாதிரியே முனையை மிதித்து, கையை உயர்த்தி பீமைத் தொட்டு, அளவைச் சொன்னேன். கோபி குறித்துக்கொண்டார்.

இந்தத் தடவை பிலோமினா சத்தம் போடவில்லை. என்னைக் கொண்டையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு டேப்பை வாங்கித் துடைத்து ஆணியில் மாட்டினார்.

மேலே ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று தாழப் பறந்தது. பெட்டி மூடிகள் ஒவ்வொன்றாகக் கடகடவென்று ஆடி நின்றன. விமானம் போனால் ஆடத்தான் செய்யும். ஆனால் விமானச் சத்தம் அடங்கின பிறகும் ஒரே ஒரு மூடி ஆடிக்கொண்டிருந்தது.

எத்தனை பேர் சாக வேண்டும்?

பழைய வாடகை நாலாயிரம். ஓனர் கேட்டது முப்பதாயிரம். எதிர்வாடையில் மருந்துக் கடை கொடுப்பதையும், இந்தப் பக்கம் யாரும் வராததையும் தட்டிக் கொட்டிப் பார்த்து நான் ஒரு தொகையைச் சொன்னேன். கோர்ட்டும் அதையே ஏற்று, மாசம் பன்னிரண்டாயிரம் என்று முடித்தது. நியாயமான உத்தரவு. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

கோர்ட் வராந்தாவில் பிலோமினா என்னிடம் வந்தார். கோபமாக இல்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"மேடம், நான் ஒரு பொட்டிக்கு இவ்ளோன்னுதான் லாபம் பாக்குறேன். மாசாமாசம் பன்னெண்டு கட்டணும்னா, இந்தத் தாம்பரத்துல இன்னும் எத்தினி பேரு சாவணும்னு கணக்குப் போட்டீங்களா?"

வாடகை நிர்ணயிக்கும்போது ஒரு கடையின் வியாபாரம் பெருகட்டும் என்றுதானே எல்லாரும் நினைப்போம்? இந்தக் கடைக்கு வியாபாரம் பெருகுவது என்றால் என்ன அர்த்தம்? அன்று ரயிலில் குரோம்பேட்டை வரும்வரை எதிரே உட்கார்ந்திருந்தவர்களை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

தணிகாசலமும் அங்கேதான் நின்றார். அவரிடம் திரும்பி பிலோமினா சொன்னார்:

"என்னால கட்ட முடியாது சார், காலி பண்ணிடறேன். ஆனா ஒரு விசயம். உங்க புள்ளைய டேப்பு அளந்துட்டுது. எங்க தொழில் மொறப்படி அவருக்குப் பொட்டி செஞ்சு கடையில நிறுத்திட்டேன். அது நின்னுக்கினு இருக்கிற வரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆவாது. பொட்டி ஆளில்லாம வாசல தாண்டக் கூடாது."

"இன்னாம்மா பேஜார் பண்ற? நாங்க எரிக்கிறவங்க. பாடையில போறவனுக்கு எதுக்குப் பொட்டி?" என்று தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார்.

"டேப்புக்கு அது தெரியாதே சார்" என்றார் பிலோமினா.

எனக்கு வக்கீல் புத்தி. அட, இது கோர்ட் கொடுக்கிற தடையை விட நல்ல தடையாக இருக்கிறதே, அம்மா கெட்டிக்காரி என்றுதான் நினைத்தேன்.

பணம் கட்டியது யார்?

கெடு முடிவதற்குள் பணம் கோர்ட்டில் கட்டப்பட்டுவிட்டது. பிலோமினா பெயரில். அடுத்த மாசமும் கட்டியாகிவிட்டது. அவருடைய வக்கீலுக்கே ஆச்சரியம்.

என் கமிஷனர் ஃபீஸில் பாக்கி வாங்கப் போனபோது கேன்டீனில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். டீயை ஆறவிட்டுக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நான்தாம்மா கட்டுறேன். வெளிய சொல்லிடாத."

"நீங்களா? ஓனரே வாடகைக்காரிக்காகக் கட்டுவதா?"

"அன்னிக்கு அவ சாமானை டெம்போல ஏத்திக்கினு இருந்தா. கண்ணால பாக்கணும்னு நான் போயி நின்னேன். எல்லாப் பொட்டியும் ஏத்தியாச்சு. கடைசியா ஒண்ணை அவ ஏத்த மாட்டேன்னா. டெம்போக்காரன் தூக்கிட்டான். வாசப்படிகிட்ட வரான், என் போன் அடிக்குது. இரும்புலியூர்ல கோபி வண்டி வழுக்கிடுச்சாம். பஸ்சு அடியில கிடக்கிறான்னு எவனோ பேசறான். எனக்கு இன்னா தோணிச்சோ, 'உள்ள எடு! உள்ள எடுடா!'ன்னு கத்திட்டேன். உள்ள கொண்டுபோயி நிறுத்துனாங்க. போன்ல அவன் சொல்றான், 'பஸ் நின்னுடுச்சு சார், சக்கரம் ஹெல்மெட்டுல உரசிக்கினு நிக்குது, புள்ள எந்திரிச்சிட்டாரு'ன்னு."

டீயில் ஆடை படிந்திருந்தது.

"அப்படியானால் கேஸை வாபஸ் வாங்குங்களேன்."

"தம்பியும் ஓனராச்சே, அவன் வுடுவானா? அப்பீலு நடக்கட்டும். எவ்ளோ இழுக்குதோ இழுக்கட்டும். கட்டுற காசுல பாதி எனக்கே திரும்பி வருது, மீதி அவனுக்குப் போவுது, போவட்டும். என் புள்ள நடமாடினா போதும்."

இத்தனை வருஷத்தில், கேஸ் இழுக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட ஓனரை நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான்.

மறுபடியும் அந்தத் தெரு

போன மாசம் என் ஜூனியரின் மாமனார் தவறிவிட்டார். அவர்கள் கிறிஸ்தவர்கள். பெட்டிக்கு எங்கே சொல்வது என்று தெரியாமல் அவள் தயங்கினாள். "எனக்கு ஒரு இடம் தெரியும்" என்று நானே கூட்டிப் போனேன்.

ஷட்டர் அதே பாதி. உள்ளே அதே வாசனை. வெயில் காலம்தான், ஆனாலும் உள்ளே சில்லென்று இருந்தது. பிலோமினா அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஜூனியர் போன் பேச வெளியே போனாள்.

பின் சுவரில் இரண்டு பெட்டிகள் தனியாக நின்றன. ஒன்று குட்டை, கோபியுடையதாக இருக்கும். இன்னொன்று அதைவிட நெட்டை. இரண்டிலும் தூசி துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"இது யாருக்கு?" என்று கேட்டேன். என்னமோ தெரிந்துவிட்டது எனக்கு.

பிலோமினா தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கு அவருக்கு எட்டலேன்னு டேப்ப வாங்குனது யாரு மேடம்?"

அந்த நெட்டைப் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"எப்பிடிச் சொல்றது? நீங்க வாடகை எழுத வந்தவங்க. உங்கள மெரட்டிக் கொறச்சு எழுத வச்சேன்னு ஆயிடும். நீங்க நாயமா எழுதிட்டுப் போங்கன்னு வுட்டுட்டேன். அன்னிக்கு டெம்போல ஏத்தறப்பகூட உங்களத பலகைங்களுக்குப் பின்னால மறைச்சு உள்ளயே வச்சுட்டேன். சாவிய ஓனர் கேட்டா கால்ல வுழுந்தாவது அந்த எடத்த மட்டும் கேக்கலாம்னு இருந்தேன்."

கெட்டிக்காரி என்று நினைத்தேனே, அந்த நினைப்பு அங்கேயே செத்தது. ஏமாற்ற நினைத்தவள் என்றால் முதலில் என்னைத்தான் மிரட்டியிருப்பாள். என் பேனாவில்தானே தொகை இருந்தது?

நாங்களும் எரிக்கிறவர்கள்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். டேப்புக்கு அது தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

பிலோமினா மூடியைக் கொஞ்சம் நகர்த்தினார். வெள்ளைத் துணி, ஓரத்தில் சரிகை. தலைமாட்டில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.

"இங்க கொஞ்சம் எடம் வுட்டுக்கீறேன் மேடம். நீங்க கொண்டை போடுவீங்களே, அழுத்தக் கூடாதுன்னு."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று ஞாபகம் இல்லை.

அப்பீல் இப்போது கடைசி வாதத்துக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். கேஸ் தேங்குகிறது, தேங்குகிறது என்று மேடை மேடையாகப் பேசியவள் நான். இந்த ஒரு கேஸ் மட்டும் முடியாமல் இருந்தால் என்ன என்று தோன்றுகிறது. பயமாகத்தான் இருக்கிறது, அதில் என்ன வெட்கம்?

மாசம் பிறந்ததும் தணிகாசலத்துக்குப் போன் போட்டேன். சும்மா நலம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்து, "இந்த மாச சார்ஜ் கட்டியாயிற்றா?" என்று கேட்டேன்.

"கட்டிட்டேன்" என்றார். "கடைக்குப் போயிருந்தேன்மா. ரெண்டு பொட்டி நிக்குது. எவ்ளோ நாளைக்கு நான் ஒருத்தனே கட்டறது? அடுத்த மாசத்துலேருந்து பாதி நீ போட்டுடு."

பன்னிரண்டில் பாதி ஆறாயிரம். நானே பார்த்து எழுதிய ரேட். அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டேன்.